பரி நடையும் நடுவர் பென்சிலும்

டில்லி கன்டோன்மென்ட் பக்கம் குடியிருக்கும் அன்பர்களுக்குக் குதிரைகள் புதிதல்ல. ஜனவரி பிறந்துவிட்டால் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்காக விடியற்காலைப் பனியில் குதிரைப்படை போவதைப் பார்த்திருப்பார்கள். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டிவிட்டு நாமும் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடிவிடுவோம். அந்தக் குதிரை அப்படி நடக்க எப்படிக் கற்றது, அந்த நடைக்கு மார்க் போடுகிறவர் யாராவது உண்டா என்றெல்லாம் யோசித்திருக்க மாட்டோம்.

உண்டு. அந்தப் போட்டிக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். பிரெஞ்சுச் சொல், பழக்குதல், பயிற்றுதல் என்று பொருள். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட மணல் களம். ஓரமாக எழுத்துப் பலகைகள். முன்கூட்டியே வகுக்கப்பட்ட வரிசைப்படி, இந்த எழுத்தில் திரும்பு, அந்த எழுத்தில் நில் என்று குதிரையும் அதன்மேல் இருப்பவரும் செய்துகாட்ட வேண்டும். சாட்டை வீச்சோ அதட்டலோ கூடாது. அடிப்படை நடைகள் மூன்று. வாக் என்பதில் நான்கு தட்டு, டிராட் என்பதில் இரண்டு, கேன்டர் என்பதில் மூன்று. கண்ணை மூடிக்கொண்டு குளம்போசையைக் கேட்டாலே எந்த நடை என்று சொல்லிவிடலாம். குதிரையின் நடையை ஐங்கதி என்று வகுத்து வைத்த மொழிக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமாகத் தோன்றாது.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. அனுஷ் அகர்வாலா 71.088 சதவீதம், ஹ்ருதய் சேடா 69.941, திவ்யகிருதி சிங் 68.176. நால்வர் குழுவில் சிறந்த மூவரின் கணக்கு மட்டுமே சேரும், கூட்டினால் 209.205. நான்காமவர் சுதிப்தி ஹஜேலா 66.706. சீனாவுக்கு வெள்ளி, ஹாங்காங்குக்கு வெண்கலம். குதிரையேற்றத்தில் நமக்கு ஆசியத் தங்கம் கிடைத்து 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.

செய்தியைப் படித்தபோது என்னை நிறுத்தியது தங்கம் அல்ல, அந்த எண்கள். சராசரியாகப் பத்துக்கு ஏழு! நம் வீடுகளில் பிள்ளை எழுபது மார்க் வாங்கி வந்தால் அன்றிரவு சாப்பாடு இறங்காது. தொண்ணூற்றெட்டுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கவலைப்படும் ஊர் இது. இங்கோ எழுபத்தொன்றுக்குப் பதக்க மேடை. இந்த நடுவர்கள் எப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். அரை மார்க்கும் போடலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சொல் உண்டு. பத்து மிகச் சிறப்பு, ஒன்பது மிக நன்று, எட்டு நன்று, ஏழு ஓரளவு நன்று, ஆறு திருப்தி, ஐந்து போதும். நான்கு வந்தால்தான் போதாது. அதற்குக் கீழே மோசத்தின் படிகள். பூஜ்யம் என்பது திட்டு அல்ல. அந்த அசைவைச் செய்யவே இல்லை என்று பொருள், அவ்வளவுதான். ஆக ஏழு என்பது பத்தில் மூன்றை இழந்த மிச்சம் அல்ல. குதிரை காட்டிய ஒரு நன்மைக்கு வைத்த பெயர்.

நல்ல நடுவர் பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒன்று கழிப்பதில்லை. முதலில் நடையின் தரத்தைப் பார்க்கிறார். தாளம் சீராக இருக்கிறதா, உடல் இளகியிருக்கிறதா, கடிவாளத்தோடு வாய் இசைந்திருக்கிறதா, பின்னங்கால்கள் உந்துகின்றனவா என்று பார்த்து மனத்தில் ஓர் எண்ணை நிறுத்துகிறார். அதன்பிறகே பிழை எவ்வளவு, எத்தனை நேரம், குதிரை எவ்வளவு விரைவில் மீண்டது என்று சீர்தூக்குகிறார். நல்ல டிராட்டில் போய்க்கொண்டிருந்த குதிரை இரண்டடி கேன்டருக்குத் தாவி உடனே திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை பிழைதான், எண் இறங்கும். ஆனால் அந்த இரண்டடிக்கு முன்னும் பின்னும் இருந்த நல்ல நடை கணக்கிலிருந்து மறைந்துவிடாது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மூலையில் இருக்கும் பூந்தொட்டியைப் பார்த்து மிரண்டு குதிரை ஒதுங்கிவிட்டால் அந்த அசைவுக்கு நான்கு விழலாம். அடுத்த எழுத்தைத் தாண்டியதும் அது புதுக்கணக்கு. அங்கே எட்டு வாங்க எந்தத் தடையும் இல்லை. வழி மறந்து வேறு பக்கம் திரும்பினால் நடுவர் மணி அடிப்பார், சரியான இடத்தைச் சொல்வார், ஓட்டுபவர் அங்கிருந்து தொடர்வார். முதல் தடவைக்குச் சிறு கழிவோடு போயிற்று.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே குறிப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நடுவர் களத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதால் அருகில் ஓர் எழுத்தர் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறார். போட்டி முடிந்ததும் அந்தத் தாள் ஓட்டியவர் கைக்குப் போகிறது. 'வளைவு சரியில்லை' என்று எழுதினாலும் அது குறிப்புதான். 'தாளம் நன்று; வளைவில் உள்கால் இன்னும் அழுந்தட்டும்' என்று எழுதினாலும் குறிப்புதான். மறுநாள் காலை பயிற்சிக்குப் போகும்போது எது கையில் நிற்கும்?

இதை யாரும் தாராள மார்க் என்று எண்ணிவிடக் கூடாது. நாலுக்குரிய நடைக்கு ஆறு போட்டு அனுப்பினால், ஓட்டுபவர் தயாராகிவிட்டதாக நம்பி அடுத்த வகுப்புக்குக் குதிரையை இழுத்துப் போவார். அந்தத் தவற்றை முதுகில் சுமப்பது வாயில்லாப் பிராணி. எட்டுக்கு எட்டு போடவும் தைரியம் வேண்டும், மூன்றுக்கு மூன்று போடவும் வேண்டும். எல்லாருக்கும் ஐந்தரை, ஆறு என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிற நடுவரால் யாருக்கும் பயன் இல்லை.

ஒரே சவாரியை இரண்டு விதமாக எண்ணலாம் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1982 டில்லி ஆசிய விளையாட்டில்தான் குதிரையேற்றம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஈவென்டிங் பிரிவில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வென்றார், குழுத் தங்கமும் நமக்கே. ஈவென்டிங்கில் முதல் கட்டம் டிரெஸ்ஸாஜ். பிறகு காட்டுவழி ஓட்டம், கடைசியில் தடை தாண்டல். இன்றைய ஈவென்டிங் விதிப்படி, டிரெஸ்ஸாஜில் 68 சதவீதம் எடுத்தால் அதை நூறிலிருந்து கழித்து 32 தண்டப்புள்ளி என்று எழுதுவார்கள். மற்றக் கட்டங்களின் தண்டத்தோடு கூட்ட வசதி. அங்கும் நடுவர் களத்தைப் பார்த்துச் சம்பாதித்த மார்க்கைத்தான் சொல்கிறார். கழிக்கும் வேலை கணக்கு எழுதுகிறவருடையது.

அந்த இரண்டு வேலையையும் நானே சேர்த்துச் செய்த கதை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் குழந்தைகள் பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்தேன். எட்டு வயதுப் பெண். பிறந்தது வளர்ந்தது எல்லாம் டில்லி. பள்ளியில் இந்தி, விளையாட்டில் இந்தி, வீட்டில் மட்டும் தமிழ். பொங்கலைப் பற்றி மூன்று நிமிடம் தாளைப் பார்க்காமல் பேசினாள். நடுவில் ஒரு வரி மறந்தது, விழித்தாள், யாரும் எடுத்துக் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டாள். 'ழ' எல்லாம் 'ல' ஆயிற்று. நான் பத்திலிருந்து கழித்துக்கொண்டே வந்து நாலில் நின்றேன். போதாததற்கு மேடையிலேயே ழகரம் பற்றி இரண்டு வார்த்தையும் சொல்லிவைத்தேன். மறு ஆண்டு பட்டியலில் அவள் பெயர் இல்லை. தகப்பனாரை மார்க்கெட்டில் பார்த்துக் கேட்டேன். "வரமாட்டேன்னு சொல்றா ஸார். எனக்குத் தமிழ் வராதுங்கிறா" என்றார்.

டிரெஸ்ஸாஜ் தாளில் அவளை எழுதிப் பார்த்தேன். குரலும் ஓட்டமும் 8. மறந்த இடம், தானே மீண்டது, 7. பொருள் 7. உச்சரிப்பு 4, குறிப்பு: 'நாக்கு நுனியை மேலே வளைத்து, எங்கும் படாமல் ழ சொல்லிப் பழகுக, பழம், வாழை, மழை, தினம் பத்து முறை.' நாலு நாலாகவேதான் இருக்கிறது. கூட்டி நான்கால் வகுத்தால் ஆறரை வருகிறது.

இந்த ஆண்டு எங்கள் பகுதிப் போட்டிக்குக் குறிப்புக் கட்டத்தோடு மதிப்பெண் தாள் அச்சடிக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். நாற்பது பிள்ளைகள் பேசும் மத்தியானத்தில் யார் உட்கார்ந்து எழுதுவது என்று ஓர் அன்பர் கேட்டார், நியாயமான கேள்விதான். நடுவருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தர் என்ற குதிரைக்காரர்களின் ஏற்பாட்டைச் சொன்னேன். தமிழ் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் மூவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாள் அன்று சாயங்காலமே குழந்தையின் கையில் கொடுக்கப்படும். அந்தத் தகப்பனாருக்கும் போன் செய்திருக்கிறேன்.