கனவிற் பெறும் உணர்வும் மெய்நிகருலகும்

ஐந்தவத்தைகளுள் இரண்டாவதாகிய சொப்பனத்தை நம் சித்தாந்த நூல்கள் சுருங்கக் கூறிச் சென்றன. சொல் சிறிதாயினும் அதனுள் அடங்கிய பொருள் பெரிது. இக்காலத்து மேனாட்டார் சிலர், கண்ணை மூடுங் கருவியொன்றைத் தலையிற் பூண்டு காணும் மெய்நிகருலகம் எதற்கு, கனவினுள்ளே 'இது கனவு' என்னும் உணர்வு வரப்பெறின் அதனினுஞ் சிறந்த உலகைக் கருவியின்றியே படைத்துக்கொள்ளலாமே என்கின்றனர். திருமடமொன்றிற் பாடங் கேட்கும் இளைஞரொருவர் அண்மையில் எம்மிடம் வந்து, தாம் அத்தகைய கனவுகள் சில கண்டதாகவும், அது துரியமாகுமோ எனவும் வினவினார். நள்ளிரவில் மணி வைத்தெழுந்து மீளவுறங்கும் பயிற்சியை அவர் மேற்கொண்டிருந்தார். வைகறைப் பாடத்தில் அவர் தூங்கி வழிந்தமைக்குக் காரணம் அப்பொழுதுதான் விளங்கிற்று.

மேனாட்டார் கண்டனவற்றை முதற்கண் நோக்குவாம். தலையிற் பூணும் அக்கருவியை 1968-இல் அமெரிக்காவில் ஐவான் சதர்லாந்து என்பார் அமைத்துக் காட்டினார். கனவு காணும்போது உடல் தளர்ந்து கிடப்பினும் கண்மணிகள் விரைந்தசையும் என்பது 1953-இல் சிக்காகோவில் வெளியாயிற்று. 1975-இல் இங்கிலாந்தின் அல் பல்கலைக்கழகத்துக் கீத் ஏர்ன் என்பார் அவ்வசைவையே மொழியாகக் கொண்டார். உறங்குவோன் கனவை உணர்ந்தவுடன், முன்பு பேசிக்கொண்டவாறு கண்களை இடமும் வலமுமாகப் பலமுறை அசைத்தான். அதனைப் பொறி வரைந்து காட்டிற்று. கனவினுள் அறிவு தெளிதல் உண்டென்பதில் இனி ஐயமில்லை. அது யாண்டு அடங்கும் என்பதே வினா.

சாக்கிரத்தில் ஆன்மா இலாடத்தில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு கூடும். கண்டத்தை எய்தும்போது ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒழியச் சத்தாதி ஐந்தும், வசனாதி ஐந்தும், வாயு பத்தும், அந்தக்கரணம் நான்கும், புருடனுமாக இருபத்தைந்து எஞ்சும், இதுவே சொப்பனம். சுழுத்தியிற் சித்தம், பிராணன், புருடன் என மூன்றும், துரியத்திற் பிராணனும் புருடனுமாக இரண்டும், அதீதத்திற் புருடன் ஒன்றுமே உள. இனி, 'இது கனவு' எனத் துணிதல் யாதன் தொழில்? புத்தியின் தொழில். புத்தியோ துரியத்திற்கு முன்னரே, சுழுத்தியிலேயே கழன்றொழிந்தது. ஆகவே அவ்விளைஞர் கண்டது எத்துணைத் தெளிவுடையதாயினும் சொப்பனமேயன்றித் துரியமாதல் ஒருவாற்றானும் கூடாது. 'நான் கண்டேன்' என அவர் மகிழ்ந்துரைத்ததும் அகங்காரம் அங்கே விழித்திருந்தமைக்குச் சான்று. இதனைக் கூறியபோது அவர் முகம் சிறிது வாடிற்று. வாடினும் கூறவேண்டியதே, கீழ்நிலையை மேல்நிலையென மயங்கியவர் பின் தேடுதலை விட்டுவிடுவர்.

மெய்நிகர்க் கருவியோ இதனின் முற்றும் வேறு. அதனைப் பூண்டோன் கண்ணாற் காண்கின்றான், செவியாற் கேட்கின்றான், கையாற் பற்ற முயல்கின்றான். அவன் சாக்கிரத்திலேயே உளன். அவனுக்கு விடயத்தை வகுத்தவன் வேறொருவன். கனாக் காண்போனுக்கோ தன் வாசனையே விடயமாகி வரும். ஒன்று மற்றொன்றிற்கு வழியென்பார் இருபத்தைந்தையும் முப்பத்தைந்தையும் ஒன்றாக எண்ணினாராவர்.

அற்றேல், பூசலார் நாயனார் திருநின்றவூரில் நெஞ்சினுள்ளே கோயிலெடுத்தாரே, அஃதும் ஒரு மெய்நிகருலகமன்றோ எனின், அன்று. அவர் பொருள் தேடியும் கிடையாமையால் நனவின்கண் இருந்து, நாள் குறித்து, அடிநிலை முதலாக முறைப்படி எடுத்தார். கனாக் கண்டவனோ காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன். அக்கனவை அவன் விரும்பிப் படைத்தானல்லன். தனது கும்பாபிடேகத்தைத் தள்ளிவைக்கும் ஆணையே அதில் வந்தது. தன் விருப்பிற்கு மாறாக வந்த கனவு அது. தம் விருப்பப்படி பறக்கவும் ஆளவும் பயிலுங் கனவுக்கு அதனை எடுத்துக்காட்டாக்குதல் பொருந்தாது.

மற்றொரு தடை உளது. கண்ணசைத்துக் குறி காட்டினமையாற் சொப்பனத்தும் இந்திரியம் தொழிற்படும் போலும் எனின், கண்மணி அசைதல் காண்டலன்று. இமைத்தல் முதலியன கூர்மன் என்னும் வாயுவின் செயல். வாயு பத்தும் சொப்பனத்தில் உள. இவ்வளவில் நூற்கொள்கைக்கு இழுக்கில்லை.

செவியின் திறத்ததே கடினம். 2021-இல் நான்கு நாட்டு ஆய்வாளர் வெளியிட்டவாறு, கனவுணர்ந்து கிடந்த ஒருவரிடம் எட்டிற் ஆறு போக எஞ்சுவது யாதென வெளியிலிருந்து வினவ, அவர் கண்ணை இருமுறை அசைத்து விடை கூறினார். பெரும்பாலான வினாக்கட்கு விடை வரவில்லையென்பதும் அவரே கூறியது. எனினும் ஒரு வினாவேனும் உட்புகுந்ததாயின் சோத்திரம் முற்றும் ஒடுங்கிற்றெனல் யாங்ஙனம்? அத்தகையோன் அக்கணத்திற்கு மட்டும் இலாடத்தை எட்டி மீண்டானெனக் கொள்வதா, சாக்கிரத்துள் நிகழும் சொப்பனமென மத்தியாலவத்தையில் வைப்பதா? பின்னதே தக்கதென எமக்குத் தோன்றுகிறது. எனினும் உடல் அயர்ந்து கிடத்தல் அதற்கு முரணாய் நிற்கின்றது. அவத்தைப் பகுதியை ஆதீனங்களிற் பாடஞ் சொல்லும் வித்துவான்கள் தம் கருத்தை இப்பத்திரிகைக்கு எழுதியனுப்பின் அவ்விளைஞரும் யாமும் ஒருங்கே கற்போம்.