பெயர்தான் டெனார்

வயலின், வியோலா, செல்லோ என்று பெட்டி பெருக்கப் பெருக்கச் சுருதி இறங்குவதைப் பார்த்துப் பழகிய கண், யுகுலேலே கடையிலும் அதையே தேடுகிறது. சொப்ரானோ, டெனார் என்று குரல்வகைப் பெயர்கள் வேறு. ஏமாறாமல் என்ன செய்யும்?

நம்பிக்கை: பெரிய யுகுலேலே, தாழ்ந்த சுருதி.

சொப்ரானோ, கான்சர்ட், டெனார் மூன்றுக்கும் இன்றைய வழக்கம் ஒரே சுருதிதான்: ஜி, சி, இ, ஏ. சொப்ரானோவில் நட்டிலிருந்து குதிரை வரை தந்தி நீளம் சுமார் 13½ அங்குலம், டெனாரில் 17. இரண்டிலும் ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ். நீளம் கூடியும் சுருதி இறங்கக் கூடாதென்றால் இறுக்கத்தான் வேண்டும். ஒரே தந்தியை இரண்டிலும் கட்டிப் பார்த்தால் டெனாரில் இழுவிசை ஏறத்தாழ 1.6 மடங்கு. டெனார் தந்தி விரலுக்கடியில் விறைப்பதும் சொப்ரானோ குழைவதும் இதனால்தான்.

நிஜமாகவே இறங்குவது பாரிட்டோன். டி, ஜி, பி, இ, அதாவது கிட்டாரின் மெல்லிய நான்கு தந்திகள். இது தெரியாமல் என் பாரிட்டோனின் இ தந்தியை ஏ வரைக்கும் முறுக்கினேன். 1.8 மடங்கு இழுவிசையை அது தாங்கவில்லை. டப்பென்று அறுந்து மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு போட்டது. சுருதியை விட்டுவிட்டு விரலை நம்பினாலும் சிக்கல்தான்: கடைசித் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை மட்டும் அழுத்தினால் டெனாரில் சி கார்ட், பாரிட்டோனில் ஜி.

நம்பிக்கை: மோவாய்ப் பக்கத் தந்திதான் மந்தரம்.

இல்லை. ஜி, சி, இ, ஏ சுருதியில் அந்தத் தந்தி ஜி, 392 ஹெர்ட்ஸ். அடுத்திருக்கும் சி வெறும் 262. தம்புராவில் பஞ்சமத்தில் தொடங்கி மந்தர ஸட்ஜத்தில் முடிக்கும் நமக்கு இந்த வரிசைக் குழப்பம் புதிதல்ல. சிலர் ஒரு ஸ்தாயி கீழான ஜி தந்தியை மாட்டிவிட்டு, ‘டெனாரின் கனம்’ என்று பெட்டியைப் புகழ்வார்கள். புகழ் தந்திக்குச் சேர வேண்டியது.

அப்படியானால் பெட்டியின் அளவுக்கு வேலையே இல்லையா? உண்டு, நாதத்தில். பெரிய பெட்டியின் காற்று தாழ்ந்த ஒலிகளோடு சேர்ந்து பாடும். சி தந்தி வயிற்றிலிருந்து வரும். சின்னப் பெட்டியில் அதே சி பளிச்சென்று வந்து சட்டென்று அடங்கும். ஆனால் கனத்த பிளைவுட் டெனாரைவிட மெல்லிய கோவா (koa) மரச் சொப்ரானோ ஓங்கி ஒலிப்பதும் உண்டு. வாங்கும்போது அங்குலத்தைக் கேட்பதோடு, மேற்பலகையை விரலால் தட்டியும் பாருங்கள்.