கஞ்சா முதலா, மூளை மாற்றம் முதலா?

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 2012இல் அந்தக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. பதின்ம வயதில் கஞ்சாவைத் தொடங்கிப் பல ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தியவர்களின் ஐகியூ, 13 வயதில் இருந்ததைவிட 38 வயதில் எட்டுப் புள்ளிகள் வரை குறைந்திருந்தது. பெரியவர்களான பிறகு தொடங்கியவர்களிடம் அப்படிப்பட்ட சரிவு தெரியவில்லை.

கஞ்சா மூளையைக் கெடுக்கிறது என்று உடனே எழுதிவிடலாம் போலத் தோன்றுகிறது, இல்லையா? பொறுங்கள். 2016இல் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இரட்டையரில் ஒருவர் கஞ்சா பயன்படுத்தியவர், மற்றவர் தொடாதவர். இருவரையும் ஒப்பிட்டபோது, பயன்படுத்தியவரின் ஐகியூ மட்டும் கூடுதலாகச் சரிந்திருக்கவில்லை. அப்படியானால் சரிவுக்குக் காரணம் கஞ்சாவா, அல்லது இருவருக்கும் பொதுவான மரபணு, வீட்டுச் சூழல், பணநெருக்கடி போன்றவையா?

தமிழ்ப்பள்ளி அறிவியலில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்திருப்பீர்கள். ஒரு செடியை வெயிலிலும் இன்னொன்றை இருட்டிலும் வைத்து, நீரையும் மண்ணையும் சமமாக்கினால் ஒளியின் விளைவு தெரிந்துவிடும். ஆனால் ஆயிரம் மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் போதைப்பொருள் கொடுத்துப் பார்க்க முடியுமா? எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. எலிகளிடம் அந்தச் சோதனையைச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் எலிக்குப் பள்ளித் தேர்வும் இல்லை, நண்பர் வட்டமும் இல்லை.

மிச்சமிருப்பது ஒரே வழி. பிள்ளைகள் எதையும் தொடுவதற்கு முன்பே அவர்களின் மூளையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது. இதற்குப் பொறுமை வேண்டும். அதைவிட அதிகமாகப் பணம் வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து பதின்ம வயதை ஏன் கவனிக்க வேண்டும்? உங்கள் மூளை அளவில் ஏறக்குறைய முழுமையடைந்துவிட்டாலும், உள்வேலை முடியவில்லை. அதிகம் பயன்படாத நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படுகின்றன. பயன்படும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை படிகிறது. அதனால் செய்தி வேகமாகப் பாய்கிறது. இந்த வேலை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நகர்கிறது. திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும் நெற்றிப்பகுதிப் புறணி கடைசியாகத்தான், இருபதுகளின் நடுப்பகுதியில் முதிர்கிறது. ஆசையையும் பரிசையும் உணரும் உட்பகுதி அதற்கு முன்பே சுறுசுறுப்பாகிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் நிக்கோட்டின் உள்ளே போனால், மூளையின் சொந்த வேதிப்பொருளான அசிட்டைல்கோலினுக்கு உரிய பூட்டுகளில் அது சாவியாகப் பொருந்திக்கொள்கிறது. கஞ்சாவிலுள்ள டிஎச்சி இன்னொரு வகைப் பூட்டில் பொருந்துகிறது. அந்தப் பூட்டுகள் நரம்பிணைப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையிலும் ஈடுபடுபவை. கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே வெளியாள் வந்து வரைபடத்தில் கை வைப்பது போன்றது இது.

காத்திருக்கும் அந்த ஆய்வு அமெரிக்காவில் நடக்கிறது. பெயர் ஏபிசிடி ஆய்வு. அங்குள்ள தேசிய சுகாதாரக் கழகங்களின் பல பிரிவுகள், போதைப்பொருள் பயன்பாட்டை ஆராயும் கழகத்தின் தலைமையில், 2015இல் ஒன்றுசேர்ந்து பணம் ஒதுக்கின. முதல் ஐந்தாண்டுக்குச் சுமார் 150 மில்லியன் அமெரிக்க டாலர். 2016 முதல் 2018 வரை 21 நிலையங்களில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 11,800க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். நம் நாட்டில் மூன்றாம், நான்காம் ஆண்டில் படிக்கும் வயது. அவர்களில் 800க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளும் உண்டு. எதற்கென்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ படம். இடையில் நினைவாற்றல் சோதனைகள், தூக்கம், திரை நேரம், குடும்பம் பற்றிய கேள்விகள். உமிழ்நீர், தலைமுடி மட்டுமல்ல, விழுந்த பால்பற்களைக்கூடச் சேகரித்தார்கள். குழந்தை கருவில் இருந்த காலத்தில் உடலில் சேர்ந்த பொருள்களின் தடயம் பல்லில் தங்கியிருக்கும்.

இன்னொரு சிக்கல் உண்டு. வேப் இழுத்தாயா என்று கேட்டால் 14 வயதுப் பிள்ளை உண்மையைச் சொல்லுமா? அதனால் ஆய்வுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டிருக்கிறது. பங்கேற்பவரின் அடையாளத்தோடு கூடிய தகவலை நீதிமன்றம் கேட்டாலும் ஆய்வாளர் கொடுக்கத் தேவையில்லை. இது இல்லாவிட்டால் எம்ஆர்ஐ எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை என்பது என் கருத்து.

பணம் எப்படிக் கிடைக்கிறது? அது மக்களின் வரிப்பணம். அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்குகிறது. ஆய்வாளர்கள் எழுதும் திட்டங்களுக்குத் துறை வல்லுநர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். இங்கே 1தான் மிகச் சிறந்தது. வழக்கமான ஆய்வு நிதி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். மூளையோ ஐந்து ஆண்டில் வளர்ந்து முடிவதில்லை. நடுவில் நிதி நின்றால் அதுவரை எடுத்த படங்கள் இருக்கும், ஆனால் கேள்விக்கு விடை தரும் பிற்பாதி இருக்காது. விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரலாம் என்றால், பிள்ளைகள் அதே வயதில் காத்திருக்கமாட்டார்கள். 2020இல் ஏழு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 290 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டதால் ஆய்வு தப்பித்தது. திரட்டிய தரவுகள், பெயர் நீக்கப்பட்டு, அனுமதி பெற்ற பிற நாட்டு ஆய்வாளர்களுக்கும் கிடைக்கின்றன.

2024 டிசம்பரில் வந்த ஒரு முடிவு பலரை யோசிக்க வைத்தது. ஏறக்குறைய 10,000 பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் 15 வயதுக்கு முன்பே மது, நிக்கோட்டின், கஞ்சா போன்ற ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தார்கள். பெரும்பாலோர் தொட்டது மது. அவர்களின் 9, 10 வயதுப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, மூளையின் மொத்த அளவு சராசரியில் சற்றுப் பெரிதாகவும், நெற்றிப்பகுதிப் புறணியின் சில இடங்கள் மெல்லியதாகவும் இருந்தன. படம் எடுப்பதற்கு முன்பே தொட்டவர்களை நீக்கிய பிறகும் பெரும்பாலான வேறுபாடுகள் நீடித்தன. அதாவது, போதைப்பொருளின் விளைவு என்று பலர் எண்ணியிருந்தவற்றில் சில, அதற்கு முன்பே இருந்தவை.

இதை வைத்து, போதைப்பொருளால் பாதிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்கத்தில் இருந்த வேறுபாட்டைக் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. அதற்கான விடை, பதின்ம வயதின் பிற்பகுதியில் எடுக்கப்படும் படங்களில் இருக்கிறது. அதுபோல, இந்தச் சராசரி வேறுபாடுகள் மிகச் சிறியவை. ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து, இவன் நாளை குடிப்பான் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

செய்து பாருங்கள்

1. 290 மில்லியன் டாலரை 7 ஆண்டுகளுக்கும் 11,880 பிள்ளைகளுக்கும் பகிர்ந்தால், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்கு எவ்வளவு? (விடை: சுமார் 3,490 டாலர்.)

2. 18 வயதுப் புகைப்பாளர்களையும் புகைக்காதவர்களையும் ஒருமுறை மட்டும் படம் எடுத்து ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. அதில் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது?

3. ஆய்விலிருந்து நடுவில் விலகுபவர்கள் பெரும்பாலும் போதைப்பொருள் பயன்படுத்துபவர்களாகவே இருந்தால், முடிவு எந்தப் பக்கம் சாயும்? நண்பரோடு விவாதியுங்கள்.