ஆய்வு அறிக்கையை வாசிப்பது எப்படி?

விதைநெல் வாங்கும்போது மூட்டையின் மேலே கிடக்கும் மணிகளை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. அடிவரை கைவிட்டுப் பார்க்கிறோம். சமூக ஆய்வுகளையும் அவ்வாறே பார்க்கப் பழக வேண்டும்.

ஓர் உதாரணம். 2002ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி இலங்கையில் வறியோர் 22.7 வீதம் எனப்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடும் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. போரினால் அங்கே காணியையும் மாட்டையும் இழந்து நின்ற குடும்பங்கள் அந்த 22.7 வீதத்தில் இல்லை, மிகுதி 77.3 வீதத்திலும் இல்லை. கணக்கு பொய்யல்ல. ஒரு பகுதியின் கணக்கை முழு நாட்டின் கணக்காக வாசிப்பதே தவறு. எண்ணப்படாதவர்களின் தேவை திட்டமிடுவோர் கண்ணில் படுவது அரிது.

ஆகவே ஓர் ஆய்வு நம்மிடம் வாசிக்கப்படும்போது நான்கு கேள்விகள் கேட்போம்:

1. யாரிடம் கேட்டார்கள்? யார் விடுபட்டார்கள்?
2. எப்போது கேட்டார்கள்? விதைப்புக் காலத்திலா, அறுவடைக்குப் பின்பா?
3. எப்படிக் கேட்டார்கள்? குடும்பத் தலைவரிடம் மட்டுமா, பெண்களிடமுமா?
4. கிடைத்த தகவல் முடிவைத் தாங்குகிறதா?

இவற்றைக் கேட்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. அடுத்த முறை ஒருவர் படிவத்துடன் வாசலுக்கு வந்தால், அன்போடு வரவேற்போம். “முடிவை எங்களுக்கும் வாசித்துக் காட்டுவீர்களா?” என்றும் கேட்போம்.

கலந்துரையாடுவதற்கு: நமது கிராமத்தில் கணக்கெடுப்பு நடந்தால், எந்தக் குடும்பங்கள் விடுபடக்கூடும்? ஏன்?