விலையில்லா நாய்க்குட்டிக்கு என்ன விலை?

சென்னையிலும் கோவையிலும் ஜாதி நாய்க்குட்டி என்றால் விலை பெரும்பாலும் ஐந்திலக்கம்தான். அதே ஊர்களில் மீட்கப்பட்ட குட்டிகள் காப்பகங்களில் பணமில்லாமல் தத்துக்குக் கிடைக்கின்றன. எது லாபம் என்று கணக்குப் போடும் குடும்பங்களில் சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. வாங்குவோரிடமும் உண்டு, தத்தெடுப்போரிடமும் உண்டு.

நம்பிக்கை: விலை கூடக் கூட குட்டியும் உசத்தி.

உண்மை: விலையை ஏற்றுவது பெரும்பாலும் மோகம்தான். 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போனது. அதன் பிறகு நாடு முழுக்கப் பக் குட்டிக்கு ஏகக் கிராக்கி. நாய்க்கு வியர்ப்பது மிகக் குறைவு. மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். சப்பை மூக்குள்ள பக், அதற்கே திணறும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. அடுத்து வந்த மோகம் ஹஸ்கி. குளிர்ப் பிரதேசத்துக்கான இரட்டை ரோமத்தோடு சித்திரை வெயிலில் அது படும் பாடும், அதற்காக ஓடும் ஏசியின் மின்கட்டணமும் வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

நம்பிக்கை: கே.சி.ஐ. பேப்பர் இருந்தால் ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம்.

உண்மை: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் அந்தச் சான்றிதழ், குட்டியின் இனத்தையும் பரம்பரையையும் சொல்லும், உடல்நிலையைச் சொல்லாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. தாய், தந்தை நாய்களின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே விற்பவரின் லட்சணம் தெரிந்துவிடும்.

குட்டியின் வயது இன்னும் முக்கியம். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனாலும் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிகள் கைமாறுகின்றன. சின்னக் குட்டிதான் வாங்குவோர் கண்ணுக்கு அழகு. சீக்கிரம் விற்றால் விற்பவருக்குத் தீனிச் செலவும் மிச்சம். நஷ்டம் குட்டிக்கு. விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் அது கற்கிறது. பார்வோ கிருமி தொற்றினால் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளுக்குள் அறிகுறி தெரியும். அதனால்தான் வாங்கும்போது துள்ளிய குட்டி, வீட்டுக்கு வந்த வாரமே வாந்தி, ரத்தபேதி என்று படுத்துவிடுகிறது.

நம்பிக்கை: தத்தெடுத்தால் செலவே இல்லை.

உண்மை: விலையில்லாமல் வருவது குட்டி மட்டும்தான். சாப்பாடு, ஊசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 36,000. நாய் 12 வருடம் வாழ்ந்தால் 4,32,000 ரூபாய். 25,000 ரூபாய்க்குக் குட்டி வாங்கியவரின் மொத்தச் செலவில் அந்த விலை நூற்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ் என்று அலைவது இரண்டு நாய்க்கும் பொது.

வித்தியாசம் தொடக்கத்தில் இருக்கிறது. காப்பகத்திலிருந்து வரும் வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்திருக்கும். தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசுக் கால்நடை மருத்துவமனைகள் உண்டு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு.

நம்பிக்கை: நாட்டு நாய்க்கு நோயே வராது, ஊசி எதற்கு?

உண்மை: நம் வெயில் நாட்டு நாய்க்குப் பழகியது, சப்பை மூக்கின் அவதியும் அதற்கு இல்லை. ஆனால் பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய் எதுவும் ஜாதி பார்ப்பதில்லை. தெருவில் நாம் பார்ப்பது பிழைத்து வளர்ந்தவற்றை மட்டும்தான். பிறந்த சில வாரங்களில் செத்துப்போன குட்டிகள் கணக்கில் வருவதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில். பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல். வெறிநோய் முற்றிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் கிட்டத்தட்ட மரணம் நிச்சயம் என்பதால் இதில் சமரசமே கூடாது.

நம்பிக்கை: காப்பக நாய் பழகாது, கடிக்கும்.

உண்மை: வளர்ந்த நாயின் குணம் கண்ணெதிரே தெரியும், எட்டு வாரக் குட்டி வளர்ந்து எப்படி இருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, பூனையைத் துரத்துமா, தனியாக விட்டால் ஊளையிடுமா என்று பராமரிப்பவர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும். வீடு மாற்றினோம், குழந்தை பிறந்தது, அபார்ட்மென்டில் எதிர்ப்பு என்று கொண்டுவந்து விடப்பட்ட லாப்ரடார்களும் பக்குகளும்கூடக் காப்பகங்களில் உண்டு. ஆனால் எல்லா நாயும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. வருடக்கணக்கில் தெருவில் சுதந்திரமாகத் திரிந்த நாய், மூன்றாவது மாடி ஃபிளாட்டில் முடங்கத் தவிக்கலாம். பயந்த நாய் பழகச் சில வாரங்கள், சமயத்தில் சில மாதங்கள் ஆகும்.

நம்பிக்கை: நாயை விலைக்கு வாங்குவதே பாவம்.

உண்மை: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி இனங்கள் இன்றும் இருப்பது அவற்றைப் பொறுப்போடு வளர்த்தவர்களால்தான். பாவம் வேறிடத்தில் இருக்கிறது. பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகுமுன் இணை சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன 2017 விதிகள். இதை மீறிப் பருவத்துக்குப் பருவம் ஈன வைக்கப்பட்ட தாயின் உடம்பில்தான் பல "ஆஃபர்" குட்டிகளின் மலிவு இருக்கிறது. தாயைக் காட்டாமல், பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள் தருகிறோம் என்பவரிடம் வாங்கினால் நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக்கான முதலீடு.

மாதம் 3,000 ரூபாயும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒதுக்க முடியாதென்றால் வாங்கவும் வேண்டாம், தத்தெடுக்கவும் வேண்டாம். முடியுமென்றால் முதலில் ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பொருந்தி வரவில்லையென்றால் மட்டும் விற்பவரிடம் போங்கள். பதிவு எண், தாய் நாய், தடுப்பூசி அட்டை, பில் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள்.