தாத்தாவின் பத்மினியும் ஓம் விதியும்



"மின்னோட்டவியல் பாடம் படிச்சு என்னடா பண்ணப் போறோம்?" என்று கடைசி பெஞ்சில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். நானும் கேட்டவன்தான். எங்கள் வீட்டில் அந்தப் பாடம் ஒரு காரைக் காப்பாற்றியது.

தாத்தாவின் கார் 1986-ம் வருட பிரீமியர் பத்மினி. மும்பை குர்லாவில் தயாரான வண்டி. தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. போன மே மாதம், மதியம் ஒரு மணி வெயிலில், ஜெயந்தி தியேட்டர் சிக்னலில் எங்கள் வண்டி நின்றுபோனது. உள்ளே பாட்டி. பின்னால் பஸ் ஹாரன். தாத்தா பதறவில்லை. பானெட்டைத் திறந்து, கைக்குட்டையை நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டார். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது!

இது மந்திரம் இல்லை. பத்மினியில் பெட்ரோல் டேங்க் பின்னால், டிக்கி பக்கம். பம்ப் முன்னால், என்ஜின் மேலேயே. மெக்கானிக்குகள் அதை 'ஏ.சி. பம்ப்' என்பார்கள் (குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை). என்ஜின் சுற்றும்போது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு மேலும் கீழும் ஆடி, பெட்ரோலைப் பின்னாலிருந்து உறிஞ்சும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறதே, அதே கதைதான். பெட்ரோல் சும்மாவே சீக்கிரம் ஆவியாகும் சரக்கு. சென்னை வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்தால் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் உறிஞ்சும், பெட்ரோல் வராது. ஈரத்துணி போட்டால் ஆவி மறுபடி திரவமாகும்.

எங்கள் பம்பில் இன்னொரு கோளாறும் இருந்தது. சவ்வில் வெடிப்பு. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. 1986-ல் செய்த ரப்பர் அதை நினைத்துச் செய்ததல்ல. அதனால் தாத்தா எலக்ட்ரிக் பம்ப் போட முடிவு செய்தார். அதை டேங்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். உறிஞ்சாமல் பின்னாலிருந்து தள்ளும். தள்ளும்போது குழாயில் அழுத்தம் கூடுவதால் ஆவித் தொல்லை குறையும்.

கடையில் ஒருவர், "எம்.பி.எஃப்.ஐ. வண்டி பம்ப் போடுங்க சார், பவர் ஜாஸ்தி" என்றார். நல்லவேளை, தாத்தா மறுத்துவிட்டார். அந்த பம்ப் தரும் அழுத்தம் சுமார் 3 பார். கார்புரேட்டருக்கு வேண்டியது 0.2 பார் அளவுதான். அதிக அழுத்தம் வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வு திறந்துகொள்ளும், பெட்ரோல் வழிந்து சூடான என்ஜின் மேல் கொட்டும். அப்புறம் தீதான். குறைந்த அழுத்த பம்பையே வாங்கினோம். ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் புது வகைக்கு மாற்றினோம்.

ஃபியூஸ் பாக்ஸிலிருந்து 0.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்றை ஐந்து மீட்டர் பின்னுக்கு இழுத்து பம்பைப் போட்டோம். எர்த் ஒயரை டிக்கிக்குள் இருந்த ஒரு போல்ட்டில் முறுக்கினோம். இரண்டு வாரம் ஜம்மென்று ஓடியது. பிறகு ஈ.சி.ஆரில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே திக்க ஆரம்பித்தது. 'டகடகடக' என்ற பம்ப் 'டக்... டக்...' என்றது. "டூப்ளிகேட் பம்ப்டா. போதும், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் தாத்தா. ஆளையும் வரச் சொல்லிவிட்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். பம்பில் 10.2. நடுவில் 2.2 வோல்ட்டைக் காணோம்! ஒயர் மெல்லிசு, அதுதான் திருடன் என்று நினைத்தேன். கணக்குப் போட்டேன். செம்பின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். நீளத்தால் பெருக்கி, குறுக்குப் பரப்பால் வகுத்தால் ஒயரின் தடை 0.17 ஓம். பம்ப் எடுக்கும் மின்னோட்டம் 2 ஆம்பியர். V = IR. விடை 0.34 வோல்ட்தான். மீதி 1.86 எங்கே?

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பம்பின் எர்த் ஒயரிலும், இன்னொன்றை நீள ஒயர் கட்டி பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1.5 வோல்ட்! அந்த போல்ட்டைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. திருவான்மியூர் உப்புக்காத்து ஜன்னல் கம்பியையே தின்கிறது, போல்ட்டை விடுமா? மீதி 0.36 வோல்ட் பழைய சாவி ஸ்விட்ச்சிலும் ஃபியூஸ் கிளிப்பிலும் போயிருந்தது. பம்ப் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் உதவியோடு ஒயரிங்கை மாற்றினோம். பேட்டரியிலிருந்து 7.5 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து ரிலே, அதிலிருந்து 1.5 சதுர மி.மீ. ஒயர் நேராக பம்புக்கு. எர்த்துக்கும் தனி ஒயர், பேட்டரி வரைக்கும். சாவி ஸ்விட்ச் இப்போது ரிலேயை மட்டும் தட்டி எழுப்பினால் போதும், பம்பின் பாரத்தைச் சுமக்க வேண்டாம். ரிலே ஜி.பி. ரோட்டில் வாங்கினோம்.

அண்ணன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பழைய பம்ப் என்ஜின் நின்றால் தானாக நிற்கும். எலக்ட்ரிக் பம்ப் நிற்காது. எங்காவது இடித்துக் குழாய் உடைந்தால் சாவியை அணைக்கும் வரை பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும் மூடும் ஒரு ஸ்விட்ச் வழியாக ரிலேக்கு மின்சாரம் கொடுத்தார். ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் இருக்காதே? அந்தச் சில நொடிக்கு ஸ்டார்ட்டர் ஒயரிலிருந்து ஒரு இணைப்பு. அது திரும்ப ஸ்டார்ட்டருக்குப் பாயாமல் இருக்க நடுவில் ஒரு டயோடு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. டயோடு என்றால் மின்சாரத்துக்கு ஒன்வே தெரு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பெட்ரோல் குழாயில் நான் கை வைக்கவில்லை. அது தாத்தாவும் அண்ணனும் செய்தது. வாசலில் திறந்த வெளியில், முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு. நீங்களும் தனியாகத் தொடாதீர்கள்.

இப்போது பம்பில் 12.2 வோல்ட். இரும்புக்காரரை பாட்டி காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

வெடித்த சவ்வோடு அந்த ஏ.சி. பம்பைத் திங்கட்கிழமை இயற்பியல் லேபுக்குக் கொண்டுவருகிறேன். சார் அனுமதி கொடுத்துவிட்டார். நன்றாகக் கழுவியாச்சு, இருந்தாலும் வாசனை கொஞ்சம் இருக்கும்.