கடைசி நாட்களுக்கு யாரை நம்பலாம்?

"இனிமே இங்க வச்சிருந்து பிரயோஜனம் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று அத்தை வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் புற்றுநோய். நாற்பது வருட வெற்றிலையும் புகையிலையும் செய்த வேலை. டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. வலிக்கு எழுதியிருந்தது டைக்ளோஃபினாக். தெரிந்தவர் ஒருவர் சொன்ன கட்டண இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பளிங்குத் தரை, ஏசி அறை, வாசலில் பிள்ளையார். மூன்றாம் நாள் ராத்திரி அத்தை தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினார். வேலையில் இருந்த பெண், "டாக்டர் காலையிலதான் வருவாரு சார்" என்றார். அந்தப் பெண்மேல் குறை சொல்ல மாட்டேன். கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. அந்த இல்லத்திலேயே மார்ஃபின் கிடையாது.

சேர்ப்பதற்கு முன் அதைக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்டதெல்லாம் அறை வாடகை எவ்வளவு, வெந்நீர் வருமா, எத்தனை மணிக்குப் பார்க்க வரலாம் என்பவைதான். அந்த மூன்று ராத்திரிகளை அத்தைக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அதே திகைப்பில் இன்று நிற்கும் இன்னொரு வீட்டுக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், என்னென்ன வழிகள் இருக்கின்றன? வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு ஒன்று. தங்கவைத்துப் பார்க்கும் ஹாஸ்பிஸ் இல்லம் இன்னொன்று. பெரிய மருத்துவமனையில் இருக்கும் பேலியேட்டிவ், அதாவது நோய்த்தணிப்புப் பிரிவு மூன்றாவது. கட்டணம் வாங்கும் தனியார் பராமரிப்பு இல்லங்களும் ஹோம் நர்ஸ் ஏஜென்சிகளும் நான்காவது. வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள பிரிவுகள் சிக்கலான நேரத்துக்கு உரியவை. வயிற்றில் கோத்த நீரை எடுப்பது, எலும்பு வலிக்கு ஒரு தவணை கதிர்வீச்சு கொடுப்பது, நரம்பை மரத்துப்போகச் செய்வது எல்லாம் அங்கேதான் நடக்கும். மாதக்கணக்கில் படுத்திருக்க அது இடமில்லை. ஆகவே உண்மையான தேர்வு மற்ற மூன்றுக்குள்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றே: "உங்களிடம் வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா? அதற்கான அங்கீகாரம் உங்கள் பெயரில் இருக்கிறதா?"

இந்தக் கேள்வியை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. மார்ஃபின் எடுக்கப்படும் அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு விளைகிறது. நீமச்சிலும் காஜிபூரிலும் அரசே ஆலை வைத்திருக்கிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, உரிமங்களின் சிக்கலுக்கும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைத் தொடாமலே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மார்ஃபினை வாங்கி வைத்து நோயாளிக்குக் கொடுக்கலாம். அந்த அங்கீகாரத்தை வாங்க முனையாத இடம் வலியைத் தன் வேலையாகவே நினைக்கவில்லை என்று பொருள். "தேவைப்பட்டா வெளியே ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நமக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. மார்ஃபின் எழுதும் சீட்டில் மலச்சிக்கலுக்கும் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். மார்ஃபின் எடுக்கிறவர்களில் அநேகமாக எல்லோருக்கும் மலம் இறுகும். பழகிய கை இரண்டையும் சேர்த்துத்தான் எழுதும். அடுத்து, "வலிச்சா போடுங்க" என்று சொல்கிறார்களா, நேரம் குறித்துத் தருகிறார்களா என்று பாருங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி திரும்புவதற்கு முன்பே அடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் குழு எங்களைத் தேடி வந்தது. அந்த நர்ஸ் முதல் நாள் செய்த வேலை இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் 6, 10, 2, 6, 10 என்று எழுதினார். கடைசி 10க்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரை வரைந்தார். "ராத்திரி பத்து மணிக்கு டபுள் டோஸ். நடுராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவை எழுப்ப வேண்டாம், நீங்களும் தூங்குங்க" என்றார். அத்தையால் விழுங்க முடியவில்லை. மாத்திரையை ஸ்பூனில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொடுக்கக் காட்டினார். கொடுக்கிற ஒவ்வொரு வேளைக்கும் நேரே ஒரு கோடு போடச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டினார். நான்காம் நாள் அத்தை டீ கேட்டார்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று சொந்தக்காரர்கள் பயப்படுவார்கள். எங்கள் வீட்டிலும் சித்தப்பா ஒரு பாட்டம் சத்தம் போட்டார். வலிக்கு ஏற்ப அளந்து கொடுத்தால் உயிரை அது பறிக்காது. நல்ல குழு இந்தப் பயத்தை அலட்சியப்படுத்தாது, உட்கார்ந்து விளக்கும். சித்தப்பாவோடு அந்த டாக்டர் திண்ணையில் அரை மணி நேரம் பேசினார்.

வீடா, இல்லமா என்பது அடுத்த கேள்வி. வீட்டில் பகலும் இரவும் மாறி மாறிப் பார்க்க இரண்டு பேராவது இருந்து, ரத்தக் கசிவு, தொடர்ந்த மூச்சுத்திணறல் போன்ற பெரிய தொந்தரவு இல்லாமல் இருந்தால் வீடுதான் நல்லது என்பது என் எண்ணம். தன் கட்டில், தன் ஜன்னல், தன் சத்தங்கள். ஆனால் ஒரே மகள், அவளும் வேலைக்குப் போகிறவள், மாடியில் வாடகை வீடு என்றால், "பெத்தவங்களை வெளியே விடலாமா" என்று யார் சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்ளாமல் இல்லத்தைத் தேடுங்கள். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

வீட்டுக்கு வரும் குழுவிடம் கேட்க வேண்டியவை: எங்கள் தெரு உங்கள் எல்லைக்குள் வருமா, வாரத்துக்கு எத்தனை முறை வருவீர்கள், ராத்திரி போன் செய்தால் எடுப்பது யார். மூன்றாவதுக்குத்தான் பலரும் மழுப்புவார்கள். கொடுத்த எண்ணுக்கு ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். நேரில் வராவிட்டாலும் பரவாயில்லை, நோயாளியின் பெயரைச் சொன்னால் புரிந்துகொண்டு, எந்த மாத்திரையை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் மறுமுனையில் இருக்க வேண்டும். வீட்டிலேயே இறந்தால் மரணத்துக்கான காரணச் சான்றை எந்த டாக்டர் தருவார் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் துக்கத்தோடு சேர்த்து இதற்கும் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம், நமக்குக் கற்றுக் கொடுக்கிறார்களா என்பது. வாரம் ஒரு முறை வந்து புண்ணைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும் குழு அரைக் குழுதான். மிச்ச ஆறு நாளும் புண் நம்மோடு இருக்கிறது. அத்தையின் கன்னம் உடைந்து திறந்தபோது அறைக்குள் நுழைய முடியாத நாற்றம். பேரக் குழந்தைகள் வாசலிலேயே நின்றார்கள். அது அத்தைக்கும் தெரிந்தது. பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, பாத்திரத்தில் வைத்து, குக்கரில் ஆவி காட்டி எடுக்க நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொன்னார். சில நாளில் நாற்றம் அடங்கியது. சின்னப் பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். விலை உயர்ந்த எதுவும் இதில் இல்லை.

அரசு வழியையும் மறந்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தர வழி உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தொண்டு நிறுவனக் குழு வந்தாலும் இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒன்று இன்னொன்றுக்குத் தடையில்லை.

இனி இல்லங்கள். நம் நாட்டின் முதல் ஹாஸ்பிஸான மும்பை சாந்தி அவேத்னா சதன் 1986இல் தொடங்கியது. சென்னை மாத்தூரில் ஜீவோதயா, பெங்களூரில் கருணாஸ்ரயா என்று நமக்குப் பக்கத்திலும் உண்டு. இவை நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. இலவசம் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறையில் அந்தக் கணக்கு செல்லாது. நன்கொடையில் நடக்கும் இடத்துக்கு ஒருவரை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்து லாபம் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் சேர்க்கும் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோயாளிகளை மட்டும் எடுக்கும் இடங்கள் பல. கூட ஒருவர் தங்கியாக வேண்டும் என்று சொல்லும் இடமும் உண்டு.

போய்ப் பாருங்கள். சொல்லிவிட்டுப் போக வேண்டாம், சாயங்காலமாகப் போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், படுத்திருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள். அங்கே தோல் கன்றியிருந்தால் புரட்டிப் படுக்கவைக்க ஆள் போதவில்லை என்று அர்த்தம். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு வெடிக்காமல் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபினாயில் நெடி தூக்கலாக அடித்தால் எனக்குச் சந்தேகம் வரும். எதை மறைக்க இவ்வளவு ஊற்றினார்கள்? கையைக் கட்டிலோடு கட்டியிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. கிளம்பும் முன், வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் வேறொரு நோயாளியின் வீட்டாரிடம் பேசுங்கள். "ராத்திரி கூப்பிட்டா வர்றாங்களா?" என்ற ஒரு கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில், அலுவலக அறையில் கேட்கும் ஒரு மணி நேர விளக்கத்தைவிட மேல்.

கட்டண இல்லங்களை முழுக்கத் தள்ளச் சொல்லவில்லை. நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் பெயர்ப்பலகையில் "பேலியேட்டிவ் கேர்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது. மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்திருக்கிறார்களா, டாக்டருக்கு இந்தத் துறையில் பயிற்சி உண்டா, ராத்திரி இருப்பவர் படித்துப் பதிவு பெற்ற நர்ஸா, வெறும் உதவியாளரா என்று கேளுங்கள். ஏஜென்சி அனுப்பும் ஹோம் நர்ஸுக்கும் இதே கேள்விதான். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் உதவியாளர் போதும், அது பெரிய உதவிதான். வலிக்கு அவரை நம்பக் கூடாது.

பேசும்போது இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: "சாப்பாடு சுத்தமா நின்னுட்டா என்ன செய்வீங்க?" உடனே மூக்கில் ட்யூப், கையில் டிரிப்ஸ் என்று சொன்னால் யோசியுங்கள். கடைசி நாட்களில் உடம்பே உணவை வேண்டாம் என்கிறது. திணித்தால் நெஞ்சில் சளி கட்டி மூச்சு அடைக்கும். தெரிந்தவர்கள் வாயை ஈரமாக வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள், ஸ்பூன் இளநீரைப் பற்றிப் பேசுவார்கள், சோறு ஊட்ட முடியாத மகளின் தவிப்பைப் பற்றியும் பேசுவார்கள். அதேபோல, முதல் சந்திப்பில் நோயாளியின் பக்கம் திரும்பாமல் நம்மிடமே பேசிக்கொண்டிருக்கும் டாக்டர் எனக்குச் சரிப்படவில்லை. எங்கள் வீட்டில் அத்தையிடம் நோயைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து வைத்திருந்தோம். வந்த டாக்டர் நாங்கள் சொன்னதைப் போட்டு உடைக்கவும் இல்லை, அத்தையிடம் பொய் சொல்லவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். அத்தை மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் தெரியும் டாக்டர். இவங்க அழுவாங்கன்னுதான் நான் கேக்கல."

அத்தை கார்த்திகையில் போனார், தூக்கத்தில். காரியம் முடிந்து சில நாளில் அதே நர்ஸ் வந்தார். அதுவரை தெரியாது, இறப்புக்குப் பிறகும் ஒரு முறை வருவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி என்று. மாமாவிடம் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேட்டார். மீதி மார்ஃபினை வாங்கி மாத்திரை மாத்திரையாக எண்ணினார். காலண்டர் தாள்களில் நாங்கள் போட்ட கோடுகளோடு சரிபார்த்து, நோட்டில் எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தாள்களை மட்டும் மாமா திருப்பிக் கேட்டார். இன்னும் பீரோவில் இருக்கின்றன.